கற்குழியும் கவிதையும்

நுழையும்முன்

பழைமையான தூண்களைக் காணும்போது அவற்றின் அழகே முதலில் கண்ணில் படுகிறது. அத்தூண்களுக்குரிய கல் எங்கிருந்து வெட்டப்பட்டது, வெட்டிய இடம் பின்னர் என்னவாயிற்று என்னும் கேள்விகள் அதன்பிறகே எழுகின்றன. இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவிலுள்ள சிரகூசா நகரம் இக்கேள்விகளுக்கு விடை தருகிறது. இரண்டு நாள்களில் சுற்றிப் பார்த்துவிடத்தக்க அந்நகரில் கிரேக்கக் கோயில், நாடக அரங்கம், கற்குழி, கடல் ஆகிய நான்கும் அருகருகே உள்ளன. நான்கையும் சேர்த்துக் காண்போருக்கே அந்நகரின் முழு வரலாறும் புலப்படும்.

கடல் சூழ்ந்த தொடக்கம்

கிரேக்கர் விட்டுச்சென்ற சின்னங்களைக் காணக் கிரேக்க நாட்டுக்கே செல்லவேண்டும் என்று கருதுவோர் பலர். பண்டைக் கிரேக்கரோ தம் நாட்டெல்லைக்குள் அடங்கி வாழ்ந்தவர் அல்லர். நிலம் குறைந்தும் கடல் நிறைந்தும் இருந்த தாயகத்திலிருந்து கப்பலேறி, மத்தியதரைக்கடலின் கரைகள் பலவற்றிலும் அவர்கள் குடியேறினர். அவ்வாறு அமைந்த குடியேற்றங்களுள் புகழ்பெற்று விளங்கியது சிரகூசா.

சிசிலியின் தென்கிழக்குக் கரையில், அயோனியக் கடலை நோக்கி இந்நகரம் அமைந்துள்ளது. பொ.ஆ.மு. 734ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரத்தார் ஆர்கியாஸ் என்பவரின் தலைமையில் இங்கு வந்து குடியேறினர் என்பது பண்டைய வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி. அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த இடம் ஒர்டீஜியா என்னும் சிறு தீவு. அதன் கிழக்கே திறந்த கடல். மேற்கே காற்றுக்கு ஒதுங்கத்தக்க பெருந்துறைமுகம். தீவின் உள்ளேயே வற்றாத நன்னீர் ஊற்று. கடலோடிகளுக்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்? தீவில் தொடங்கிய ஊர் எதிர்ப்புற நிலத்திலும் பரவியது. பொ.ஆ.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகருக்கு நிகராக நிற்குமளவுக்கு அது வளர்ந்தது. கிரேக்க நகரங்களுள் மிகப் பெரியது என்றும் நகரங்கள் அனைத்திலும் மிக அழகியது என்றும் உரோமானியப் பேச்சாளர் சிசரோ இதனைப் போற்றினார்.

குறுகிய பாலத்தைக் கடந்து ஒர்டீஜியாவுக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது அப்போலோ கோயிலின் எச்சம். பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்ட இக்கோயில், சிசிலியில் கல்லால் கட்டப்பட்ட கிரேக்கக் கோயில்களுள் மிகப் பழைமையானவற்றில் ஒன்று. தூண் ஒவ்வொன்றும் ஒரே கல்லால் ஆனது. தூண்கள் பருத்தும் நெருங்கியும் நிற்கின்றன. கல்லின் வலிமையை முழுதும் நம்பத் துணியாத தொடக்ககாலக் கட்டடக் கலைஞரின் தயக்கத்தை அந்நெருக்கத்தில் காணலாம். பிற்காலத்தில் இக்கட்டடம் தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் மீண்டும் தேவாலயமாகவும் பின்னர்ப் படைவீரர் தங்குமிடமாகவும் மாறியது. இன்று அதன் பக்கத்திலேயே நகரத்தின் காலைச் சந்தை கூடுகிறது. மீன், எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றின் விலையைக் கூவும் குரல்களுக்கிடையே 2,500 ஆண்டுகளைக் கடந்த கற்கள் அமைதியாகக் கிடக்கின்றன.

சுவருக்குள் நிற்கும் கோயில்

சந்தையிலிருந்து தெற்கே சிறிது தொலைவு நடந்தால் வெண்ணிறக் கல் பாவிய அகன்ற சதுக்கம் வருகிறது. அங்கே நகரின் பேராலயம் உயர்ந்து நிற்கிறது. அதன் முகப்பு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1693ஆம் ஆண்டு தென்கிழக்குச் சிசிலியை உலுக்கிய நிலநடுக்கத்தில் பழைய முகப்பு இடிந்தபின் அது புதிதாக எழுப்பப்பட்டது. ஆனால் கட்டடத்தின் பக்கவாட்டுச் சந்தில் திரும்புவோர் வியப்பில் நின்றுவிடுவர். சுவருக்குள் பாதி புதைந்தும் பாதி வெளித்தெரிந்தும் பருத்த கிரேக்கத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பேராலயமாகத் தோன்றும் இக்கட்டடம் உண்மையில் அதீனா என்னும் கிரேக்கப் பெண்தெய்வத்தின் கோயிலாகும்.

பொ.ஆ.மு. 480ஆம் ஆண்டில் சிரகூசாவின் ஆட்சியாளர் கெலோன், இமேரா என்னுமிடத்தில் கார்த்தேஜ் படையை வென்றார். அவ்வெற்றியை ஒட்டி எழுந்தது இக்கோயில். முன்னும் பின்னும் அறுவாறாகவும் பக்கவாட்டில் மூலைத்தூண்களையும் சேர்த்துப் பதினான்காகவும் தூண்கள் இதனைச் சூழ்ந்து நின்றன. பொ.ஆ. ஏழாம் நூற்றாண்டளவில் இது தேவாலயமாயிற்று. அப்போது கட்டுநர்கள் கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கிடையே இருந்த வெளியைச் சுவரெழுப்பி அடைத்தனர். கருவறையின் பக்கச் சுவர்களை வளைவுகளாகக் குடைந்து வழி திறந்தனர். திறந்திருந்தது மூடப்பட்டது, மூடியிருந்தது திறக்கப்பட்டது. உள்ளும் புறமும் இடம் மாறின. ஆயினும் கூரையைத் தாங்கும் பொறுப்பு அதே தூண்களிடமே இருந்தது. பயன்பாட்டில் இருந்தமையாலேயே இக்கோயில் உயிர்பிழைத்தது எனலாம்.

இதே கோயில் கொள்ளையும் கண்டது. பொ.ஆ.மு. 212ஆம் ஆண்டு நகரைக் கைப்பற்றிய உரோமானியத் தளபதி மார்செல்லஸ் நகரின் கலைச்செல்வங்களுள் பலவற்றை உரோமுக்கு எடுத்துச்சென்றவர். அவரும் இக்கோயிலின் அணிகலன்களில் கைவைக்கவில்லை. ஆனால் பொ.ஆ.மு. 73 முதல் 71 வரை சிசிலியின் ஆளுநராக இருந்த வெரஸ், சுவர்களில் இருந்த ஓவியங்களைப் பெயர்த்தெடுத்தார்; கதவுகளில் பதித்த பொன்னையும் தந்தத்தையும் கவர்ந்தார். அவர்மீது தொடுத்த வழக்குக்கென எழுதிய உரைகளில் சிசரோ இதனைக் குறிப்பிட்டுள்ளார். பகைவன் விட்டுவைத்ததைக் காவலன் கவர்ந்தான் என்பதே அவ்வழக்கின் சாரம்.

தெரிந்து தெளிவோம்

பண்டைக் கிரேக்கக் கட்டடக்கலையின் பாணிகளுள் பழைமையானது டோரிக். டோரிக் தூணுக்குத் தனிப் பீடம் இல்லை. மேடையின்மேல் நேரடியாக நிறுத்தப்படும். அடியில் பருத்து, மேலே செல்லச்செல்லச் சிறுத்து, உடலெங்கும் நெடுக்குவாட்டில் பள்ளக்கோடுகளைக் கொண்டிருக்கும். தூணின் தலைப்பகுதி அணிவேலைப்பாடு மிகாமல் எளிமையாக அமையும்.

ஊற்றும் துறைமுகமும்

பேராலயச் சதுக்கத்திலிருந்து கடலை நோக்கி இறங்கினால் அரெத்தூசா ஊற்றை அடையலாம். கடலுக்கும் ஊற்றுக்கும் இடையே இருப்பது ஒரு கற்சுவர் மட்டுமே. ஒருபுறம் உப்புநீர் அலைமோத, மறுபுறம் நன்னீரில் பாப்பிரஸ் கோரைகள் தழைத்து நிற்கின்றன. ஆல்ஃபியஸ் என்னும் ஆற்றுத்தெய்வத்தின் துரத்தலுக்கு அஞ்சிய அரெத்தூசா என்னும் நங்கை, கிரேக்க நாட்டில் நிலத்தடியில் மறைந்து, கடலுக்கடியே பயணம் செய்து, இவ்விடத்தில் ஊற்றாக வெளிப்பட்டாள் என்பது கிரேக்கர் வழங்கிய கதை. தாயகத்தைவிட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறியோர், தம் மண்ணின் நீரே தம்மைத் தொடர்ந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டதில் வியப்பில்லை.

ஊற்றருகே நின்று மேற்கே நோக்கினால் பெருந்துறைமுகம் விரிகிறது. மாலை வேளையில் கதிரவன் அதன் அக்கரையில் மறைவதைக் காண மக்கள் கூடுவர். படகுகள் அசைந்தாடும் அந்நீர்ப்பரப்பில்தான் பொ.ஆ.மு. 413ஆம் ஆண்டில் கிரேக்க உலகின் போக்கையே மாற்றிய கடற்போர் நடந்தது.

ஏதென்ஸ் நகரம் பொ.ஆ.மு. 415இல் நூற்றுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களைச் சிரகூசாவின்மீது ஏவியது. முற்றுகை ஈராண்டுகள் நீடித்தது. வெற்றி கைகூடாது என்று தெளிந்து திரும்ப முடிவுசெய்த வேளையில், பொ.ஆ.மு. 413 ஆகஸ்டு 27 அன்று நிலவில் கிரகணம் தோன்றியது. அதனைத் தீக்குறியாகக் கருதிய தளபதி நிசியாஸ், மூன்று முறை ஒன்பது நாள்கள் கழியும்வரை புறப்படுவதில்லை என உறுதியாக நின்றார். அக்காலத் தாழ்வே அழிவாக முடிந்தது. சிரகூசாவினர் கப்பல்களை வரிசையாக நங்கூரமிட்டுத் துறைமுகத்தின் வாயிலை அடைத்தனர். உடைத்து வெளியேற முயன்ற ஏதென்ஸ் கப்பற்படை தோற்றது. எஞ்சியோர் நிலவழியே தப்ப முயன்று பிடிபட்டனர். தளபதிகள் நிசியாசும் டெமொஸ்தனிசும் கொல்லப்பட்டனர். வீரர்கள் நகருக்கு வெளியே இருந்த கற்குழிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

கல் தந்த குழி

துறைமுகத்தில் தொடங்கிய இத்துயரக் கதையின் முடிவைக் காண, பாலத்தைக் கடந்து நகரின் வடபுறம் செல்லவேண்டும். அங்கே நியாபொலிஸ் தொல்லியல் வளாகம் உள்ளது. நகரின் பழைய கட்டடங்களுக்குத் தேவையான வெண்சுண்ணக்கல் இப்பகுதிப் பாறைகளிலிருந்தே வெட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வெட்டியதால் செங்குத்தான சுவர்களைக் கொண்ட ஆழ்ந்த குழிகள் உருவாயின. இன்று அவற்றில் எலுமிச்சை மரங்களும் ஆரஞ்சு மரங்களும் நிழல் பரப்புகின்றன. குழிகளுள் ஒன்றுக்கு ‘இன்பச்சோலை’ என்னும் பொருளில் பெயரும் வழங்குகிறது.

அக்குழியின் ஓரத்தில், ஏறத்தாழ 23 மீட்டர் உயரமும் 65 மீட்டர் நீளமும் கொண்ட குடைவு ஒன்று உள்ளது. வளைந்து உட்செல்லும் அதன் வடிவம் செவியை ஒத்தது. உள்ளே மெல்லப் பேசினாலும் ஒலி பெருகி எதிரொலிக்கிறது. 1608ஆம் ஆண்டில் இங்கு வந்த ஓவியர் கரவாஜியோ இதற்கு ‘டயோனீசியசின் செவி’ எனப் பெயரிட்டார் என்பர். கொடுங்கோலர் டயோனீசியஸ் மேலிருந்தவாறு சிறைப்பட்டோரின் பேச்சை ஒட்டுக்கேட்டார் என்னும் கதையும் உண்டு. அது கதையே. ஆனால் இந்நகரின் கற்குழிகள் சிறையாக இருந்தன என்பது வரலாறு.

ஏதென்ஸ் வீரர்கள் பட்ட துன்பத்தை அதே ஏதென்ஸ் நகரத்தவரான தூசிடிடீஸ் பதிவுசெய்துள்ளார். சிறைப்பட்டோர் ஏழாயிரத்துக்குக் குறையாதவர் என்கிறார் அவர். குழிக்குக் கூரை இல்லை. பகலில் வெயில் வாட்டியது. இலையுதிர்கால இரவுகளில் குளிர் வருத்தியது. இறந்தோரின் உடல்கள் உயிரோடிருந்தோரின் அருகிலேயே குவிந்தன. நாள் ஒன்றுக்கு ஒருவருக்குக் கால் லிட்டரளவு தண்ணீரும் அதைப்போல் இருமடங்கு அளவு தானியமுமே கொடுக்கப்பட்டன. இவ்வாறு எழுபது நாள்கள் கழிந்தபின் சிலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். மற்றோர் எட்டு மாதம்வரை அங்கேயே கிடந்தனர். தம் நாட்டின் பேராசையையும் தோல்வியையும் மறைக்காமல் எழுதிய தூசிடிடீசின் நேர்மையால்தான், பெயர் தெரியாத அவ்வீரர்களின் துயரம் இன்றளவும் அறியப்படுகிறது.

அதீனா கோயிலின் தூண்களும் அரங்கத்தின் படிகளும் எந்தப் பாறையின் அழகைக் காட்டுகின்றனவோ, அதே பாறையின் வெறுமையில்தான் இம்மனிதர்கள் அடைக்கப்பட்டனர். கல்லை எடுத்தபின் எஞ்சிய பள்ளமும் அந்நகரின் வரலாற்றில் ஒரு பகுதியே. தூணை மட்டும் கண்டு குழியைக் காணாது திரும்புவோர் நகரின் பாதியையே கண்டவராவர்.

உயிர் காத்த கவிதை

இக்கொடுமைக்கிடையே வியப்பான நிகழ்வொன்றைப் புளூட்டார்க் என்னும் கிரேக்க அறிஞர் குறிப்பிடுகிறார். போர் முடிந்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர் அவர். சிசிலியில் வாழ்ந்த கிரேக்கருக்கு ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடீசின் கவிதைகள்மீது தணியாத வேட்கை இருந்தது. அவருடைய நாடகங்களிலிருந்து ஓரிரு பகுதிகள் எவரேனும் வழியாகக் கிடைத்தாலும் அவற்றை மனப்பாடம் செய்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வர். ஆகவே, அக்கவிதைகளை நினைவிலிருந்து சொல்லத் தெரிந்த ஏதென்ஸ் வீரர் சிலர் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். போருக்குப்பின் ஊரூராக அலைந்த வேறு சிலர், பாடல்களைப் பாடி உணவும் நீரும் பெற்றனர். உயிரோடு ஊர் திரும்பியவர்கள் யூரிப்பிடீசைக் கண்டு நன்றி கூறினர் என்கிறார் புளூட்டார்க்.

யூரிப்பிடீசின் ‘துரோய் நகரப் பெண்டிர்’ என்னும் நாடகம் ஏதென்சில் அரங்கேறிய ஆண்டு பொ.ஆ.மு. 415. போரில் வீழ்ந்த நகரின் பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படும் அவலத்தைச் சித்திரிப்பது அந்நாடகம். அதே ஆண்டில்தான் ஏதென்ஸ் கப்பற்படை சிரகூசாவை நோக்கிப் புறப்பட்டது. தோற்றோரின் கண்ணீரை அரங்கில் கண்ட நகரம், அதன் பொருளை உணரும் முன்னரே போருக்கு விரைந்தது. கவிதை அந்நகரின் போரைத் தடுக்கவில்லை; ஆனால் அந்நகரின் வீரர் சிலரைக் காப்பாற்றியது. இலக்கியத்தின் ஆற்றலும் எல்லையும் இவ்விரு செய்திகளில் ஒருங்கே விளங்குகின்றன.

கடலை நோக்கும் அரங்கம்

கற்குழிக்கு அடுத்தே கிரேக்க அரங்கம் உள்ளது. செங்கல்லையோ கல்லையோ அடுக்கிக் கட்டியதன்று. மலைச்சரிவின் பாறையையே படிப்படியாகச் செதுக்கி உருவாக்கிய குடைவரை அரங்கம் அது. ஏறத்தாழ 138 மீட்டர் விட்டமுடைய அரைவட்டம்; 67 வரிசை இருக்கைகளுடன் விளங்கியது. பதினைந்தாயிரம் பேர்வரை அமரத்தக்க பரப்பு. ஏதென்ஸ் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் பொ.ஆ.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சிரகூசாவுக்கு வந்து தம் நாடகங்களை அரங்கேற்றினார். பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் ஹியரோன் அரங்கத்தை விரிவாக்கினார். மேல்வரிசையில் அமர்வோருக்கு மேடைக்கு அப்பால் மரங்களும் அவற்றுக்கு அப்பால் துறைமுகமும் புலப்படும்.

16ஆம் நூற்றாண்டில் சிசிலி ஸ்பெயின் ஆட்சியின்கீழ் இருந்தது. ஒர்டீஜியாவின் கோட்டைச் சுவர்களை வலுப்படுத்த, அரங்கத்தின் மேடைக் கட்டடமும் மேல்வரிசைகளும் உடைக்கப்பட்டுக் கற்கள் எடுத்துச்செல்லப்பட்டன. அருகிலிருந்த 200 மீட்டரளவு நீளமுடைய ஹியரோனின் பலிமேடைக்கும் அதே கதி நேர்ந்தது. பாறையோடு பாறையாக இருந்த பகுதிகளை மட்டும் பெயர்க்க இயலவில்லை. அவையே இன்று எஞ்சியுள்ளன.

நெடுங்காலம் வாளாகிடந்த அரங்கில் 1914ஆம் ஆண்டு ஈஸ்கிலசின் ‘அகமெம்னன்’ நாடகம் நிகழ்த்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து, போர்க்காலங்கள் போன்ற இடைவெளிகள் நீங்கலாக, பண்டைக் கிரேக்க நாடகங்கள் இங்கு நிகழ்ந்துவருகின்றன. மே மாதம் தொடங்கும் நாடகப் பருவத்தில், தேய்ந்த கல்லிருக்கைகளைக் காக்க அவற்றின்மேல் மரப்பலகைகள் விரிக்கப்படுகின்றன. கதிரவன் சாயும் பொழுதில் இத்தாலிய மொழியில் ஒலிக்கும் யூரிப்பிடீசின் வரிகளை ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து கேட்கின்றனர். அவர்கள் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து சில நூறு அடிகள் நடந்தால் கற்குழி.

மறந்த கல்லறை

சிரகூசாவின் புகழுக்கு உரிய மற்றொருவர் ஆர்க்கிமிடீஸ். இந்நகரில் பிறந்து, இந்நகரிலேயே வாழ்ந்து, பொ.ஆ.மு. 212இல் உரோமானியர் நகரைக் கைப்பற்றியபோது படைவீரன் ஒருவனால் கொல்லப்பட்டவர். உருளையும் அதனுள் அடங்கும் கோளமும் கொண்ட உருவம் அவர் கல்லறையின்மேல் வைக்கப்பட்டது. அவ்விரண்டின் கன அளவுகளுக்கும் இடையே உள்ள தொடர்பைக் கண்டறிந்ததையே தம் அருஞ்செயலாக அவர் கருதினார்.

அவர் மறைந்து 137 ஆண்டுகளுக்குப்பின், பொ.ஆ.மு. 75இல் சிசிலியில் பணியாற்றிய சிசரோ அக்கல்லறையைத் தேடினார். அப்படியொன்று இல்லவே இல்லை என்றனர் நகரத்தார். நகர வாயிலுக்கு வெளியே முட்புதர்களுக்கு மேலே கோளமும் உருளையும் தலைநீட்டியிருப்பதைக் கண்ட சிசரோ, புதரை வெட்டச்செய்து கல்லறையை வெளிப்படுத்தினார். உலகம் போற்றிய அறிஞரை அவர் பிறந்த ஊரே மறந்திருந்தது. இன்று ‘ஆர்க்கிமிடீசின் கல்லறை’ எனப் பயணிகளுக்குக் காட்டப்படுவது பிற்கால உரோமானியர் கல்லறையே. சிசரோ கண்ட கல்லறை மீண்டும் மறைந்துவிட்டது. அவர் எழுதிவைத்த குறிப்பு மட்டும் நிலைத்துள்ளது.

மீண்டும் கடல்

பெருந்துறைமுகத்தின் தெற்கு வாயிலில் பிளெமீரியோ என்னும் பாறை முனை கடலுக்குள் நீண்டுள்ளது. ஏதென்ஸ் படை அரண் அமைத்து, பின் இழந்த இடம் அது. இன்று அம்முனையைச் சூழ்ந்த கடல், காக்கப்பட்ட உயிரினப் பகுதியாக உள்ளது. போர்க்கப்பல்கள் மோதிய நீரில் மீன்கள் அச்சமின்றித் திரிகின்றன. நகரையும் அதனருகிலுள்ள பண்டாலிக்கா என்னும் பாறைக் கல்லறைத் தொகுதியையும் 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பிளெமீரியோவின் பாறைமேல் நின்று வடக்கே நோக்கினால் ஒர்டீஜியா முழுவதும் ஒரே காட்சியாகத் தெரிகிறது. கோயிலைத் தேவாலயமாக மாற்றியோர் தூணைக் காத்தனர். அரங்கத்தை உடைத்தோர் கோட்டையைக் கட்டினர். மனிதரைக் குழியில் அடைத்தோரே கவிதைக்காகச் சிலரை விடுவித்தனர். காப்பதும் அழிப்பதும் அதே மனிதரின் கைகள் என்பதை இந்நகரின் கற்கள் சொல்கின்றன. அவற்றைக் கண்ணால் காண்பதற்கு இரண்டு நாள்கள் போதும். அவை சொல்வதை உணர்வதற்கு, தூணருகே நின்ற நேரமளவுக்குக் குழியருகேயும் நிற்கவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. பயன்பாட்டில் இருந்தமையால் காக்கப்பட்ட கட்டடம், பயன்பாட்டுக்காகச் சிதைக்கப்பட்ட கட்டடம் ஆகியவற்றைப் பாடத்திலிருந்து எடுத்துக்காட்டி ஒப்பிடுக.

2. ‘இலக்கியத்தின் ஆற்றலும் எல்லையும்’ என்னும் தலைப்பில், யூரிப்பிடீஸ் பற்றிய செய்திகளை அடிப்படையாகக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. பழைய அரங்கில் நாடகம் நிகழ்த்துதல் அதனைக் காக்குமா, சிதைக்குமா? இருதரப்பாகப் பிரிந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.